கொக்கி சாரின் மஞ்சள் கவுன்

தியாகராய நகரில் பதினோரு வருஷம் ஓயாமல் உழைத்து, ஒரு பொருளைக்கூடச் செய்து முடிக்காத ஒரே மனிதர் எங்கள் கொக்கி சார்தான். எங்கள் ஆபீஸ் வாசலில் பள்ளம் தோண்டுகிறவர்கள் இந்தப் பட்டத்துக்குப் போட்டிக்கு வரலாம். ஆனால் அவர்கள் என்றைக்காவது ஒரு நாள் மூடிவிட்டுப் போவார்கள் என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது. கொக்கி சார் விஷயத்தில் அந்த நம்பிக்கையும் கிடையாது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பிரிவில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நாற்பத்தெட்டு வயது, அடர்ந்த மீசை, மயிலாப்பூரில் ஒரு மாடி போர்ஷனில் தனிக்கட்டை வாழ்க்கை. மடியில் ஒரு நூல் உருண்டை. கையில் ஒரு குரோஷா ஊசி, நுனியில் சின்னக் கொக்கி வைத்தது. டீ இடைவேளை, சாப்பாட்டு இடைவேளை, கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும் நேரம், மேனேஜர் நீளமாகப் பேசும் மீட்டிங் என்று கிடைக்கிற ஒவ்வொரு நிமிஷத்திலும் அந்தக் கொக்கி போய்ப் போய் வரும்.

மீசை வைத்த ஆண்பிள்ளை குரோஷா போடுவதைப் பார்த்து, ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் வேலையின் நேர்த்தியைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, "சார், எனக்கு ஒரு மொபைல் உறை போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்பார்கள். அவரும் "அதுக்கென்ன, பண்ணிட்டாப் போறது" என்பார். மூன்றாம் நாள் நாங்கள் அவர்களை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொல்லுவோம்.

விஷயம் இதுதான். கொக்கி சார் போடுவார். பிறகு பிரிப்பார். குரோஷா வேலையின் குணம் அப்படி. கடைசிக் கண்ணியிலிருந்து ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தால், ஒரு மாத வேலை ஒரு நிமிஷத்தில் பழையபடி நூலாகிவிடும். நானும் நீங்களும் அதை நினைத்தால் பயப்படுவோம். அவருக்கோ அதுதான் அந்த வேலையிலேயே பிடித்த அம்சம். மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணி கூடிவிட்டது என்று நாற்பதாவது வரிசையில் கண்டுபிடிப்பார். முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சர்ரென்று இழுப்பார். பதினோரு வருஷமாக அதே ஒரு வெள்ளை உருண்டையில்தான் இத்தனையும் நடந்தது. அது வெள்ளை என்பதே செவிவழிச் செய்திதான். நான் சேர்ந்தபோது அது வடிகட்டிய டீயின் நிறத்துக்கு வந்திருந்தது.

முந்தைய மேனேஜர் ஓய்வு பெற்றபோது நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்கு இந்த மனிதரின் வீச்சு புரியும். மேஜைமேல் போடும் விரிப்பு ஒன்றைப் போட்டு, நிஜமாகவே முடித்து, பளபள காகிதத்தில் சுற்றி, மேடையில் கொடுத்தேவிட்டார். ஆபீஸே எழுந்து நின்று கைதட்டியது. மேனேஜர் பிரித்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற கொக்கி சார் கண்ணைச் சுருக்கினார். "சார், ஒரு நிமிஷம் குடுங்கோ, ஓரத்துல ஒண்ணு பாக்கணும்" என்று வாங்கிக்கொண்டு கீழே வந்து உட்கார்ந்தார். மேனேஜர் ஏற்புரை ஆற்றினார். நன்றியுரை முடிந்து தேசிய கீதத்துக்கு எழுந்தபோது கொக்கி சார் கையில் உருண்டை இருந்தது. மேனேஜர் பளபள காகிதத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இத்தனைக்கும் மற்றவர்கள் விஷயத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று முடிவெடுக்கிறவர். நாலு பேர் ஒரு வாரம் குழம்பிய கிளெய்ம் ஃபைலை அரை மணியில் தீர்த்து அனுப்புவார். தன் விஷயம் என்று வந்தால்தான் ஆட்டம் காண்பார். கேன்டீனில் இட்லி சொல்லிவிட்டு, தட்டு வந்ததும் பொங்கலுக்கு மாற்றிவிட்டு, பொங்கல் வந்ததும் பக்கத்து மேஜைக்காரர் இட்லியைப் பார்ப்பார். மூன்று பெண்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு வரைக்கும் போயிருக்கிறது என்று கேள்வி. மூன்றையும் அவரே பிரித்துவிட்டார் என்று ஆபீஸில் சொல்லுவார்கள். நான் கேட்டதில்லை. கேட்டால் முகம் வாடிவிடும் என்று தோன்றும்.

இனி என் கதைக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்போது என் மகள் யாழினிக்கு இரண்டரை வயது. கோடை வந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. எந்தச் சட்டை போட்டாலும் இரண்டு நிமிஷத்தில் கழற்றிப் போட்டுவிட்டு ஜட்டியோடு சுற்றுவாள். வீட்டுக்குள் சுற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. நிச்சயதார்த்தத்தில் சுற்றினாள். பெண் வீட்டுப் பெரியவர் லக்னப் பத்திரிகையைக் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தபோது, பளபள ஜரிகை கவுனைக் கழற்றி அவர் தோளில் போட்டுவிட்டு மேடையை மூன்று முறை வலம் வந்தாள். அது முழுவதும் வீடியோவில் பதிவாகி, சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பின்னணி இசையோடு உலா வந்தது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் கல்யாண முகூர்த்தத்தில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் பின்னால் நின்று நாத்தனார்தான் போட வேண்டும். தம்பிக்கு நான் ஒரே அக்கா. கையில் விளக்கு, கண்ணில் புகை, எதிரில் ஐந்நூறு பேர். அந்த நேரத்தில் யாழினி கவுனைக் கழற்றிவிட்டு ஓடினால் நான் முடிச்சைப் பிடிப்பேனா, பிள்ளையைப் பிடிப்பேனா? என் கணவரை நம்ப முடியாது. அவர் சாப்பாட்டு அறையை மேற்பார்வை பார்ப்பதாக ஒரு மாதம் முன்பே அறிவித்துவிட்டார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. முகூர்த்தம் முடிகிற வரைக்கும் என் பிள்ளை உடம்பில் ஒரு துணி நிற்க வேண்டும்.

தி.நகர் கடைகள் எல்லாவற்றையும் ஏறி இறங்கினேன். எல்லாம் வலைத்துணி, ஜிகினா, இடுப்பில் பிளாஸ்டிக் ரோஜா. ஒன்றைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கே அரித்தது. மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து நான் மூக்கால் அழுதுகொண்டிருந்தபோது, ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"மேடம், குழந்தை கழட்டறான்னா முதல்ல கை எங்க போறது? கழுத்துக்கா, இடுப்புக்கா?"

"கழுத்துக்குத்தான் சார்."

"அப்போ கழுத்துத் தையல் உறுத்தறது. அதுக்கு மேல காத்து போகலை. கழுத்துலேர்ந்து மார் வரைக்கும் நான் குரோஷால யோக் போட்டுத் தரேன். பருத்தி நூல். தையலே கிடையாது, வட்டமா வரும், முழுக்க ஓட்டை ஓட்டையா இருக்கும். கீழ மல் துணியில பாவாடை மாதிரி சுருக்கு வெச்சுத் தெச்சுட்டா, உடம்புல துணி இருக்கறதே தெரியாது."

யாரோ என் காலை மேஜைக்கடியில் மிதித்தார்கள். வேண்டாம் என்று அர்த்தம். கல்யாணத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. ஆனாலும் என் பிள்ளையின் கஷ்டத்தை இப்படிக் காது கொடுத்துக் கேட்டு, கை எங்கே போகிறது என்று யோசித்த முதல் ஆள் அவர். சரி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர் புது நூல் உருண்டையோடு வந்தார். நல்ல மாம்பழ மஞ்சள். பதினோரு வருஷத்தில் இரண்டாவது உருண்டை. பக்கத்துப் பிரிவிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வீட்டுக்கு வந்தார். அளவு டேப்பைக் கண்டதும் யாழினி கட்டிலுக்கடியில் போய்விட்டாள். அவர் டேப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நூலைத் தன் கழுத்தில் மாலையாகச் சுற்றிக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் இவள் வெளியே வந்து கழுத்தை நீட்டினாள். சுற்றி, முடிச்சுப் போட்டு, அளவை எடுத்துக்கொண்டார். பிறகு காபியா மோரா என்று நான் கேட்டுவிட்டேன். அதற்குப் பதில் வர அளவெடுத்ததைவிட அதிக நேரமானது.

முதல் யோக் எட்டு நாளில் முடிந்தது. ஒன்பதாம் நாள் மூன்றாவது வரிசையில் தப்பு என்று உருண்டையானது. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். இரண்டாவது யோக் பத்து நாளில் முடிந்தது. அன்று மத்தியானமே அவரையும் யோக்கையும் இழுத்துக்கொண்டு ஆல்ட்ரேஷன் அக்காவிடம் போனேன்.

எங்கள் ஆபீஸ் கட்டிடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின், அக்காவுக்கு ஒரு நாற்காலி, வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்டூல், ஒரு மேஜை விசிறி. அதுதான் அக்காவின் கடை. கடைகளில் ரெடிமேட் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் நேரே அவளிடம்தான் வருவார்கள். இடுப்பைப் பிடிக்க, கையைக் குறைக்க, நீளத்தை வெட்ட. ஊரூர் குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். டேப் கழுத்தில் தொங்கும், தொட்டு நான் பார்த்ததில்லை. ஆளைப் பார்ப்பாள், துணியைப் பார்ப்பாள், கத்திரியை வைப்பாள். எங்கள் கொக்கி சாருக்கு நேர் எதிர்ப் பிறவி. அவளுக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது.

கொக்கி சார் மல் துணியை மேஜைமேல் விரித்தார். வெள்ளையில் பொடிப்பொடியாகப் பச்சை இலை. "பாருங்கோ, நேர் இழையில வெட்டறதா, குறுக்கு இழையில வெட்டறதாங்கறதுதான் இப்போ கேள்வி. நேர் இழைன்னா என்ன ஆறதுன்னா..."

கரக் கரக் என்று சத்தம் கேட்டது. அக்கா வெட்டி முடித்து, துண்டுத் துணியைக் கூடைக்குள் போட்டிருந்தாள்.

"சொல்லு சார், இன்னா ஆவும்?"

கொக்கி சார் சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்கா அதைக் கவனிக்காமல் யோக்கை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இந்தப் பக்கம் இழுத்தாள், அந்தப் பக்கம் இழுத்தாள்.

"இன்னா சார் இது? இந்தத் தோளு தொளதொளன்னு கீது. அந்தத் தோளு இறுக்கிக்கினு கீது. யார் கூடயாவது சண்ட போட்டுக்கினே போட்டியா?"

சார் வாங்கிப் பார்த்தார். யோசித்தார். மெல்ல மெல்ல அவர் முகம் வெளிறியது.

"கச்சேரி" என்றார்.

மயிலாப்பூரில் சாயங்கால வேளைகளில் எங்கேயாவது ஒரு சபாவில் இலவசக் கச்சேரி இருக்கும். சார் ஒன்றையும் விடமாட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்து குரோஷா போடுவார். இடது தோள் ஆலாபனையின்போது போட்டது. பாடகர் நிதானமாக இழைய இழைய, இவர் கையும் தளர்ந்து போய்க் கண்ணிகள் எல்லாம் சோம்பல் முறித்துக்கொண்டு வந்திருக்கின்றன. வலது தோளுக்கு வந்தபோது தனி ஆவர்த்தனம் ஆரம்பித்துவிட்டது. மிருதங்கக்காரர் போட்ட போட்டில் ஒவ்வொரு கண்ணியும் இரும்புக் கண்ணியாகிவிட்டது. ஒரு பிள்ளையின் ஒரு தோள் விளம்ப காலத்திலும் இன்னொரு தோள் துரித காலத்திலும் போட்ட கவுனை நம் ஊரைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

"கச்சேரின்னா பாட்டுதான சார்? பாட்டு கேட்டா கை ஏன் மாறுது?" என்றாள் அக்கா.

"நன்னாப் பாடினா மாறும்மா."

"அப்ப நல்லா பாடாதவங்க கச்சேரிக்குப் போ. கல்யாணம் கிட்டக்க வந்துகினு கீது."

சர்ரென்று அந்த யோக்கும் உருண்டையானது. எனக்குப் பொறுமை போய்விட்டது. கல்யாணத்துக்குப் பதினேழு நாள்தான் பாக்கி. "சார், உங்களால முடியலன்னா சொல்லிடுங்க. நான் ஏதாவது பனியன் துணியில தைச்சுக்கறேன். எனக்கு அந்த முடிச்சு முக்கியம்" என்று படியிலேயே நின்று சத்தம் போட்டுவிட்டேன். படியேறி வந்த இரண்டு கிளையன்ட்கள் பயந்துபோய்த் திரும்பினார்கள். கொக்கி சார் உருண்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு மேலே போய்விட்டார். சட்டைப் பை பெரிதாகப் புடைத்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வரவில்லை, சங்கடமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் அவரை இடத்தில் காணோம். கீழே போய்ப் பார்த்தால், அக்காவின் மெஷினுக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து புதிதாக யோக் ஆரம்பித்திருந்தார். மெஷின் தடதடதடவென்று ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கொக்கியும் அதே சீராகப் போய் வந்துகொண்டிருந்தது.

"இந்த மெஷின்ல ஆலாபனையே கிடையாது மேடம்" என்றார் என்னைப் பார்த்து. "ஒரே காலப்பிரமாணம். தோள் ரெண்டும் சரியா வரும்."

"நான் மெஷின நிறுத்தினா அவரும் நிறுத்திடறாரு மேடம்" என்றாள் அக்கா. "இப்பத்தான் ஒரு பிளவுஸ் முடிஞ்சிடிச்சி, சும்மா காத்துலயே ஓட்டிக்கினு இருந்தேன், ஒரு வரிசை முடிக்கட்டும்னு."

இப்படிப் பன்னிரண்டு நாள். நடுவில் நாலு முறை அவர் விரல் நூலின் நுனியைத் தேடிப் போயிருக்கிறது. நாலு முறையும் அக்கா மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமலே "கைய எடு சார்" என்றிருக்கிறாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "மூச்சு மாறுது மேடம். பிரிக்கப் போறாருன்னா மூச்ச இழுத்துப் புடிக்கிறாரு" என்றாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் யோக் முடிந்தது. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வளைவு, அதற்குக் கீழே வட்டம் வட்டமாகக் குழிகள், ஒன்று மாதிரி ஒன்று. சார் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். அக்கா பாவாடைத் துணியில் சுருக்குப் பிடித்துத் தயாராக வைத்திருந்தாள். கையை நீட்டினாள்.

சார் கொடுக்கவில்லை.

"இன்னிக்கு ஆத்துக்கு எடுத்துண்டு போய் ஒரு தரம் எண்ணிப் பாத்துட்டு நாளைக்குத் தரேனே" என்றார்.

அவர் ஏன் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கழுத்திலிருந்து கீழே போட்டுக்கொண்டு வந்த யோக். கடைசி வரிசைமேல் மெஷின் ஓடிவிட்டால் நூலின் நுனி தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு எங்கே பிடித்து இழுத்தாலும் பிரியாது. பதினோரு வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு பொருள் அந்த மாதிரி முடிந்து போனதே இல்லை.

"சார், வேண்டாம் சார். குடுத்துடுங்க" என்றேன். என் குரல் எனக்கே பாவமாக இருந்தது.

அக்கா மட்டும் சாதாரணமாக, "சரி, எடுத்துகினு போ. பொருந்துதான்னு ஒரு வாட்டி வெச்சிப் பாத்துட்டுத் தரேன். குடு" என்றாள். அவர் நம்பிக் கொடுத்தார். அவள் யோக்கின் ஓரத்தைச் சுருக்குத் துணியோடு சேர்த்து வைத்தாள். அடியில் ஒரு நீளமான நியூஸ்பேப்பர் துண்டைச் செருகினாள்.

"அது எதுக்கு பேப்பர்?" என்றார் சார் ஆர்வமாக.

"மெஷினு பல்லு இந்த ஓட்டையில மாட்டிக்கினு நூல இழுத்துடும். பேப்பர் வெச்சா வழுக்கிக்கினு ஓடும். அப்பறம் கிழிச்சிட்லாம்."

"பேஷ். நல்ல யோசனையா இருக்கே. இத நான்..."

அதற்குள் காலை அழுத்திவிட்டாள். மெஷின் ஒரு முழு வட்டம் ஓடியது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சார் மீசைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிலையாக நின்றார். அக்கா காகிதத்தைக் கிழித்து எடுத்தாள், நூலை வாயால் கடித்தாள், கவுனை உதறி அவர் முன்னால் பிடித்தாள். மேலே மாம்பழ மஞ்சள், கீழே பச்சை இலை.

"முடிஞ்சிச்சி" என்றாள்.

சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். கவுனின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே இதப் பிரிக்க முடியாதா?" என்று கேட்டார்.

"பிரிக்கலாம் சார். துணி கிழியும், பாப்பா அழும். அப்பறம் நான் கத்திரிய எடுத்துகினு மேல உன் ஆபீசுக்கு வருவேன்."

நான் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். டீயா காபியா என்று கேட்காமல் குடித்தார். அதிலேயே அவர் இருந்த நிலை உங்களுக்குத் தெரியும்.

கல்யாணம் வடபழனியில், கத்திரி வெயிலில். மண்டபத்து ஏசி காலை ஐந்து மணிக்கே மூச்சை விட்டுவிட்டது. கவுனைப் போட்டதும் யாழினி இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாள். கழற்றவில்லை. நாதஸ்வரம் ஆரம்பித்தது. கழற்றவில்லை. சம்பந்தி வீட்டில் ஐந்தாறு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணமக்களை விட்டுவிட்டு அவளையே படம் பிடிக்கக் காத்திருந்தார்கள்.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். யாரிடம் விடுவது என்று திரும்பினேன். முதல் வரிசையில் கொக்கி சாரும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். சார் பட்டு வேட்டி, அக்கா பட்டுப்புடவை. சார் கையை நீட்டினார். நூல் மாலை ஞாபகமோ என்னவோ, அவள் தாவிப் போய்விட்டாள்.

கெட்டிமேளம் முழங்கியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான். நான் விளக்கைப் பக்கத்தில் கொடுத்துவிட்டுக் குனிந்தபோது, ஓரக்கண்ணில் பார்த்தேன். யாழினியின் கை கழுத்துக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். கயிறு நழுவியது, "ரெண்டாவது முடிச்சும்மா" என்று பக்கத்திலிருந்த பெரியம்மா அதட்டினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் போட்டேன். நிமிர்ந்து பார்த்தேன்.

கவுன் இருந்த இடத்தில் இருந்தது. அவள் கழற்றக் கை வைக்கவில்லை. யோக்கின் குழிகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, ஒம்போது." அந்தப் பக்கம் தூக்கிப் பிடித்த செல்போன்கள் ஏமாற்றத்தோடு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. என் அம்மா அழுதாள். தாலி ஏறியதற்கென்று எல்லோரும் நினைத்தார்கள்.

அட்சதை, ஆசீர்வாதம், படம் எல்லாம் முடிந்து நான் கீழே வர ஒரு மணி நேரமானது. பாதி வரிசை சாப்பிடப் போய்விட்டது. யாழினி சாரின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் முகம் சரியில்லை. பட்டுச் சட்டை முழுக்க வியர்வை, கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் கீழே இறக்கி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார்? கை வலிக்குதா? குடுங்க."

"மேடம், இடது பக்கம், ரெண்டாவது வரிசை. பாருங்கோ" என்றார் மெதுவாக.

குனிந்து பார்த்தேன். எல்லாக் குழிகளும் ஒரே அளவு. அந்த ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது. ஒரு கண்ணி விட்டுப் போயிருக்கிறது. வேறு எந்தக் குழியிலும் யாழினியின் கட்டைவிரல் நுழையவில்லை போலிருக்கிறது. இதில் நுழைந்திருக்கிறது. விரலை அதற்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கினாள்.

அக்கா பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வழக்கமான அதட்டலைக் காணோம். அவளும் பயந்துதான் போயிருந்தாள்.

"சார்" என்றேன், "வேணும்னா... எழுந்ததும் கழட்டித் தர்றேன். முடிச்சுதான் போட்டாச்சே. நீங்க எடுத்துட்டுப் போய் சரி பண்ணுங்க." மனசார இல்லை. ஆனால் அந்த மனிதர் ஒரு மணி நேரமாக மூக்குக்கு முன்னால் தப்பை வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தது என்னவோ செய்தது.

சார் அந்தக் குழியைப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

"இருக்கட்டும் மேடம்" என்றார். "பிடிச்சிண்டு தூங்கறா."

அவர் வாயால் 'இருக்கட்டும்' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா எழுந்து போய், மூன்று பேருக்கும் பாயசம் வாங்கி வந்தாள். சார் இடது கையால் குடித்தார். வலது கை குழந்தையின் முதுகிலேயே இருந்தது.

அதற்குப் பிறகும் ஆபீஸில் கொக்கி சார் போடுகிறார், பிரிக்கிறார். ஒன்றும் திருந்திவிடவில்லை. ஆனால் மத்தியானத்தில் ஜன்னலோரம் காலியாக இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே இரண்டாவதாக ஒரு ஸ்டூல் வந்திருக்கிறது. யார் வாங்கிப் போட்டது என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

யாழினிக்கு இப்போது ஐந்தரை வயது. கவுன் எப்போதோ சின்னதாகிவிட்டது. போன மாதம் சார் ஏதோ ஃபைல் கொடுக்க வந்தவர், போகிற போக்கில் கேட்பது போல, "அந்தக் குழி பெரிசாகலையே?" என்றார். இல்லை சார், அப்படியே இருக்கிறது என்றேன். பொய்தான். என் பிள்ளை அந்தக் கோடை முழுக்க அதில் விரல் விட்டுத் தூங்கித் தூங்கி, இப்போது என் கட்டைவிரலே அதில் தாராளமாகப் போகிறது. இதைப் படித்துவிட்டு அவர் வந்து கேட்டாலும் கவுனைத் தரமாட்டேன். தப்போடு சேர்த்து அது எனக்கு வேண்டும், அவரைப் போலவே.